கட்டைவிரல் தீர்மானம்

காவிரிப் படுகையின் அறிவுப் பஞ்சத்தை ஒழித்தது அணையுமல்ல, அரசுமல்ல. மன்னார்குடி குந்தவையின் இடது கைக் கட்டைவிரல். வருங்கால வரலாற்றாசிரியர்கள் இதை மறைத்துவிடக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

கடைமடை வரை தண்ணீர் போகிறதோ இல்லையோ, புத்தகம் போய்ச் சேரவேண்டும் என்பது குந்தவையின் கொள்கை. அதற்காக அவள் ஏற்படுத்திய முறை எளிமையானது. நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவருவாள். சாப்பாட்டு மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துவைப்பாள். இடது கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கைச் செல்போனால் படமெடுப்பாள். பிறகு அதைப் பி.டி.எஃப். ஆக்கி, 'மன்னை மின்னூல் அறப்பணி மன்றம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் விடுவாள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு முத்திரை இருக்கும்: 'குந்தவையின் கொடை. அனுமதியின்றிப் பகிர்வது குற்றம்.' ஒவ்வொரு பக்கத்தின் காலிலும் அந்தக் கட்டைவிரல் இருக்கும், கதிர் அரிவாள் பட்ட பழைய தழும்போடு. விரலுக்கு அடியில் இரண்டு மூன்று சொற்கள் மறைந்துபோகும். கொடை வாங்குகிறவர்கள் அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

இதற்காக அவள் யாரிடமும் காசு வாங்கியதில்லை. "விக்கிறவன்தான் திருடன். நான் குடுக்குறவ" என்பாள். எழுதினவருக்கு என்ன கிடைக்கும் என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, "வாசகர் கிடைப்பாங்க" என்று பதில் போட்டாள். கேட்டவர் நீக்கப்பட்டார்.

சிங்கப்பூரிலிருந்து கணவன் ஞாயிறுதோறும் பேசுவான். மோட்டார் ஓடுகிறதா, நாற்று விட்டாயிற்றா, உரம் வந்ததா என்று கேட்பான். எல்லாம் ஓடிக்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும். அவளைப் பற்றிக் கேட்க எதுவும் மிச்சமிருக்காது. ஆனால் ஒரு புத்தகத்தைக் குழுவில் விட்ட அடுத்த நொடியே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். 'அக்கா, நீங்க தெய்வம்.' அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தட்டில் சோறு ஆறிப்போகும். படமெடுத்த புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை என்பது வேறு விஷயம். வைத்த படையலை எந்தத் தெய்வம் சாப்பிட்டது?

கூத்தாநல்லூர் நுஸைபாவின் முதல் நாவலையும் அவள் இப்படித்தான் 'கொடுத்தாள்'. சில நாட்களில் அதே நாவல் ஒரத்தநாட்டுக் குழு ஒன்றிலிருந்து திரும்பி வந்தது. தலையிலிருந்த முத்திரையை வெட்டிவிட்டு, 'இளஞ்செழியன் வழங்கும்' என்று போட்டிருந்தார்கள்.

குந்தவை விடுவாளா? வரப்பில் ஒரு விரற்கடை அரிந்ததற்காகப் பக்கத்து வயல் ரெங்கசாமியைத் தாசில்தார் அலுவலகம் வரை இழுத்தவள் அவள். அந்த ரெங்கசாமிதான் இன்று மன்றத்தின் செயலாளர். அவரையே கூப்பிட்டாள்.

"அடுத்தவ உழைப்ப இப்படி அரிஞ்சிருக்கானே, இவன்லாம் மனுசனா?"

"வரப்பு அரியறவன் வேற, புத்தகம் அரியறவன் வேறம்மா" என்றார் ரெங்கசாமி, பொதுவாக. "கண்டனக் கூட்டம் போட்டுருவோம்."

தலைமை விருந்தினராக நாவலாசிரியையே அழைப்பது என்று முடிவானது. குந்தவையே போன் செய்தாள்.

"மேடம், உங்க நாவல திருடிட்டாங்க."

"அல்லா! யாருங்க?"

"ஒரத்தநாட்டுக்காரங்க. எங்ககிட்டேருந்து."

"உங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு?"

"அது நாங்க கழுத்து வலிக்க உழைச்சுக் கொண்டாந்தது, மேடம்."

"அவசியம் வர்றேன்" என்றாள் நுஸைபா.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் நடந்தது. முந்தின நாள் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. நுஸைபா ஒரு கனத்த பையோடு வந்தாள்.

"நாவல் கட்டுக் கட்டா குடோன்ல கெடக்குங்க. இது போனாத்தான் அடுத்த நாவல அச்சடிப்பேன்னு பதிப்பாளர் சொல்றாரு. அதான் கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன்."

"எதுக்கு மேடம் செரமம்? நாங்க எல்லாருமே படிச்சிட்டோம்!" என்றார் ரெங்கசாமி. கூடம் அதிரக் கைதட்டியது. பை மேசைக்கு அடியில் போனது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "மேடம், ஒரே ஒரு சந்தேகம். கடைசி வரியில சபுரா கதவத் தொறந்தாளா, இல்லையா? அந்த எடத்துல அக்கா வெரலு இருக்கு."

இந்தக் கேள்வியால் மன்றம் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்து, திறந்த கட்சியும் திறக்காத கட்சியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன.

"அது புத்தகத்துல இருக்குங்க" என்றாள் நுஸைபா.

எல்லாரும் குந்தவையைப் பார்த்தார்கள். "அக்கா, நெசப் புத்தகத்தப் பாத்தவங்க நீங்கதான். சொல்லுங்க!"

குந்தவைக்கு ஜன்னல் வெளிச்சம் சரிந்த கோணம் நினைவிருந்தது. பக்கத்தின் மேல் விழுந்த தன் கையின் நிழல் நினைவிருந்தது. சபுரா என்று ஒருத்தி இருந்ததே இப்போதுதான் தெரிகிறது.

"மொதல்ல தீர்மானம்" என்றாள்.

ஒரத்தநாட்டுப் பிரதி திரையில் விழுந்தது. குந்தவை எழுந்துபோய்த் தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் நீட்டினாள். "பாத்துக்கங்க, அதே தழும்பு! எந்தப் பக்கத்த வேணாலும் போடுங்க!"

ரெங்கசாமி அபூர்வமான உற்சாகத்தோடு பக்கங்களை மாற்றினார்.

"இதுவும் உங்க வெரலாம்மா?"

"என்னோடதுதான்!"

"இது?"

"சந்தேகமே வேணாம், என்னோடதுதான்!"

சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. இத்தனை பேர் முன்னால் எதையும் தன்னுடையது என்று அவள் சொன்னதில்லை. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

"தீர்மானத்த நான் எழுதித் தர்றேங்க. எழுதறதுதானே என் வேலை" என்றாள் நுஸைபா. எழுதி, தானே வாசித்தாள்:

"'ஆசிரியரின் அனுமதியின்றி இந்நாவல் பக்கம் பக்கமாகத் திருடப்பட்டுள்ளது. ஒவ்வொரு பக்கத்திலும் பதிந்திருக்கும் கட்டைவிரல் மன்னார்குடி குந்தவையுடையதே என இக்கூட்டம் ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்கிறது.'"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விசில்கூட அடித்தார்கள்.

குந்தவை கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் வெட்ட முடியாத இடத்தில் அவள் பெயர் ஏறிவிட்டது. ஆனால் எத்தனையோ புத்தகங்களுக்குப் பிறகு, விரல் மறைக்காத இரண்டு வாக்கியங்களை அன்றுதான் அவள் முழுதாகக் கேட்டாள். இடது கை மெல்ல மூடிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளே போனது.

"வாங்கம்மா, வந்து கையெழுத்துப் போடுங்க" என்று ரெங்கசாமி பேனாவை நீட்டினார்.

நுஸைபா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கையெழுத்து எதுக்குங்க? அதான் அக்கா பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு வச்சிருக்காங்களே."