நாலாவது வளைவில் வரும் சத்தம்

"சத்தமே இல்லையேண்ணே" என்றான் மெக்கானிக் தவசி, மூன்றாவது முறையாக.

சோலைமலைக்கு அழுகை வராத குறை. தன் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும்போது போடிமெட்டு மலை வளைவுகளில் கடகடவென்று அலறுகிற முன்சக்கரம், தவசியின் பட்டறைக்கு வந்தால் மட்டும் வாயே திறப்பதில்லை.

இருபத்தைந்து வருடக் கார் அது. மகள் முத்துப்பிரியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதில்தான், பூப்பாறைக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அதில்தான். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும், பிரசவத்துக்கு அதே காரில் கூட்டி வரவேண்டும் என்பது சோலைமலையின் ஆசை. மருமகனோ, "எதுக்கு மாமா ரிஸ்க்கு? நான் வாடகைக் கார் சொல்லிர்றேன்" என்று தினமும் போன் போட்டான்.

முதலில் தவசி பேரிங்கை மாற்றினான். மறுநாள் நாலாவது வளைவில் சத்தம் இரட்டிப்பாக வந்தது.

சோலைமலை வீட்டுக்கு வந்து மனைவி ஆயம்மாளிடம் புலம்பினார்.

"ஐயையோ! பிள்ளைத்தாச்சி வரவேண்டிய வண்டியாச்சே" என்று கன்னத்தில் கை வைத்தாள் அவள். மலை ஏறினால் தலைசுற்றும் என்பதால் அந்தக் காரில் அவள் மேலே போய் வருடக்கணக்காகிறது. ஆனால் பட்டறைக்கு விடும் முன்பு சக்கரம் வரைக்கும் துடைத்து அனுப்புவதும், திரும்பி வந்ததும் சக்கரத்துக்குப் பொட்டு வைப்பதும் அவள்தான்.

அடுத்து ஆக்சிலை மாற்றினான் தவசி. சத்தம் இன்னும் கூடியது. பிரேக்கைப் பிரித்து மாட்டினான். தோட்டத்து ஆட்கள் சத்தத்தைக் கேட்டே, "மொதலாளி ரெண்டு வளைவு கீழ வர்றாரு" என்று சொல்லிவிடும் அளவுக்குப் போனது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரு எட்டு போய்க் காது டாக்டரைப் பாருங்க" என்றான் தவசி.

பார்த்தார். காது அருமையாக இருக்கிறது என்றார் டாக்டர். நல்ல செய்தி கேட்டு சோலைமலை இவ்வளவு வருத்தப்பட்டதே கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. வளையல் தட்டோடு ஆயம்மாளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மலையடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டும் வரை கார் சமர்த்தாக ஓடியது. நாலாவது வளைவில் வேகம் குறைந்ததும் ஆரம்பித்தது, கடகட கடகட.

சோலைமலை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோற்றுப்போன மாதிரி இருந்தது.

"நீ சொல்லு ஆயம்மா. இதுல எப்படிப் பிள்ளையக் கூட்டிட்டு வர்றது? மாப்ளைகிட்ட வாடகைக் காரே சொல்லச் சொல்லிர்றேன்."

"சும்மா இருங்க. நம்ம பிள்ள நம்ம வண்டியிலதான் வரும்."

கீழே இறங்கிய ஆயம்மாள், கைப்பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, பழகிய கையால் முன்சக்கரத்தின் வட்ட மூடியை நெம்பினாள். உள்ளே மஞ்சள் பூசிய அஞ்சு ரூபாய்க் காசுகள் மினுங்கின. முந்தானையில் முடிந்திருந்த இன்னொரு மஞ்சள் காசை அவிழ்த்து அவற்றோடு போட்டு, மூடியைத் தட்டி மாட்டினாள்.

"பிள்ள உண்டான அன்னைக்கு ஒண்ணு, நீங்க சத்தம்னு பயந்து வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணுன்னு சாமிக்கு நேந்து போட்டு வச்சிருக்கேன், பட்டறைக்குப் போறப்ப மட்டும் பத்திரமா எடுத்து வச்சுக்குவேன். இந்தக் காசு மட்டும் இல்லேன்னா, இந்தச் சத்தத்துக்கு உங்க வண்டி என்னைக்கோ கவுந்திருக்கும்!"