நான் ஊர் சுற்றப் போனபோது வீடு கிளம்பிப் போனது

வீட்டைக் காணோம்.

திருட்டு இல்லை. தீ இல்லை. புயலும் இல்லை. மோட்டார் சைக்கிளில் உள் பாலைவனத்துக்குப் போய்ச் சில நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுத் திரும்பி வந்தேன். வீடு இருந்த இடத்தில் வெளுத்த வட்டம் ஒன்று கிடந்தது. அதன் நடுவில் நின்றேன். கூரை இல்லை, சுவர் இல்லை, அடுப்பு இல்லை, பெண்டாட்டி இல்லை.

பட்டணத்துக்காரனுக்கு இது புரியாது. அவன் வீடு செங்கல். மனைவி கோபித்துக்கொண்டால் அவள் மட்டும்தான் போவாள். எங்கள் கோபிப் பாலைவனத்தில் வீடு என்பது வட்டமாக நிறுத்திய கழியும் கயிறும் கம்பளியும். கோபம் வந்தால் வீட்டையும் சுருட்டிக்கொண்டு போகலாம். இத்தனைக்கும் என் மனைவி கோபித்துக்கொள்ளவே இல்லை. சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள். அதுதான் விஷயம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பிடிக்காது.

இலையுதிர்கால இடமாற்றத்துக்கு லாமா நாள் பார்த்துக் கொடுத்திருந்தார். எங்கே போவது என்பதில்தான் தகராறு. எனக்குக் கிணற்றடியே போதும். பக்கத்தில் பியம்பா இருக்கிறான். தினமும் டாமினோ ஆடலாம். தினமும் அவன் தோற்பான். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

என் மனைவி யஞ்சிமாவுக்கு மலையின் தெற்குச் சரிவு வேண்டும்.

“தெற்குல புல்லு முழங்கால் வரைக்கும் நிக்குதாம்.”

“யார் சொன்னா?”

“அக்கா சொன்னாங்க.”

“உங்க அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டாங்க. உட்கார்ந்து பார்த்தா எல்லாப் புல்லும் முழங்கால்தான்.”

“இங்க ஆடெல்லாம் கல்லை நக்குது.”

“கல்லுல உப்பு இருக்கு. உடம்புக்கு நல்லது.”

“அப்போ நாளைக்கு உங்களுக்கும் அதையே சமைக்கிறேன்.”

புல் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அக்காதான் பிரச்சினை. விடிந்ததும் தேநீர் குடிக்க வருவாள். இருட்டியதும் எழுந்து போவாள். இடையில் வாய் மூடாது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால்தான் எங்கள் பக்கம் காற்றே வீசும். நான் கயிறு கட்டினால் அவிழ்த்துக் கட்டுவாள். நான் இருமினால் எதையாவது அரைத்து வாயில் ஊற்றுவாள். அப்படி ஒரு குளிர்காலம் முழுக்க அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பதா? முடியாது. முடியவே முடியாது.

ஆகவே ஒரு முடிவெடுத்தேன். நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தேன்.

“நான் உள் பாலைவனத்துக்குப் போறேன். மனுஷன் கால் படாத இடத்துல புல் தேடிக் கண்டுபிடிச்சுட்டு வரேன். வர்ற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு கயிறு அவிழக் கூடாது.”

புல்லாவது மண்ணாவது. நல்ல நாள் தாண்டும்வரை எங்காவது போய்ப் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாளுக்குள் பனி விழுந்துவிடும். பிறகு யாரும் நகர மாட்டார்கள். வீடு நகர லாரி வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே லாரி பியம்பாவுடையது. அதன் அச்சு முறிந்து கிடந்தது. மோட்டார் சைக்கிளை நான் கொண்டு போகிறேன். லாரி இல்லை, வண்டி இல்லை, நானும் இல்லை. எப்படி நகரும்?

யஞ்சிமா சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை.

“போயிட்டு வாங்க. இந்த வயசுல இல்லாம வேற எப்போ ஊர் சுத்துவீங்க?” என்றாள்.

காய்ந்த தயிர்க்கட்டி ஒரு பை, இடித்த உலர்ந்த இறைச்சி ஒரு பை கட்டினாள். தலைநகரத்திலிருந்து மகள் அனுப்பிய நீலக் கூடாரத்தைத் தேடி எடுத்து வண்டியில் வைத்தாள். பெட்ரோலையும் அவளே ஊற்றினாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, மருந்து ஊற்றுவது மாதிரி ஊற்றினாள். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். கடைசியில் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள்.

“போற வழிதானே? ஒட்டகக்காரர் கொம்போ கையில இதைக் கொடுத்துடுங்க.”

“என்ன இது?”

“பொம்பளைங்க விஷயம்.”

“அவன் ஆம்பளை.”

“அவருக்குப் பொண்டாட்டி இருக்காங்க இல்ல? கிளம்புங்க, வெயில் ஏறுது.”

கிளம்பினேன். வெகு அவசரத்தில் மூக்குக்கண்ணாடியைக்கூட மறந்துவிட்டேன்.

கொம்போ இருப்பது தொலைபேசி எட்டாத இடம். ஒட்டகமும் அவனும் மட்டும்தான் அங்கே இருக்க முடியும். தூரத்திலேயே “நாயைப் பிடி!” என்று கத்தி வண்டியை நிறுத்தினேன். வழக்கமான மரியாதைப்படி மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றிக்கொண்டோம்.

“ஆடெல்லாம் கொழுத்திருக்கா லுவ்சன் அண்ணே?”

“கொழுத்திருக்கு. உன் ஒட்டகம்?”

“திமில் சாயாம நிக்குது.”

பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தான். உள்ளே ஒரு தேயிலைக் கட்டி. அதைச் சுற்றி நீலப் பட்டுத் துண்டு, அதன் மடிப்பில் ஒரு சீட்டு. கண்ணாடி இல்லாமல் எழுத்தெல்லாம் எனக்கு வெறும் எறும்பு.

எனக்கு லேசாக உறுத்தியது. எங்கள் பக்கம் நீலப் பட்டில் தேயிலை அனுப்பினால் ஏதோ உதவி கேட்கிறார்கள் என்று பொருள். என்ன உதவி? கொம்போ சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அண்ணி உங்ககிட்டச் சொல்லித்தானே அனுப்பியிருக்காங்க?”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி “சொல்லலையே, என்ன விஷயம்?” என்று கேட்டிருப்பான். நான் குடும்பத் தலைவன்.

“சொல்லாம? என் வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு ஈ பறக்காது,” என்றேன்.

“அதுக்கில்ல. வீட்டுப் பெரியவர் வாயால ஒரு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. உங்களுக்குச் சம்மதம்தானே?”

“முழுச் சம்மதம்.”

“அஞ்சு போதுமா?”

ஒட்டக முடியைத்தான் கேட்கிறான் என்று முடிவு செய்தேன். குளிருக்கு மெத்தை தைக்கப் போகிறாள், அதற்கு ஐந்து மூட்டை. கஞ்சத்தனமாகக் கேட்பானேன்?

“என்னை என்னன்னு நினைச்சே? ஏழாக் கொடு.”

“ஏழா! பெரிய மனசு அண்ணே. ஆளும் அனுப்பறேன்.”

“அனுப்பு, அனுப்பு.”

கொம்போவின் மனைவி அந்தக் கட்டியிலிருந்தே ஒரு துண்டு உடைத்து உப்புப் போட்டுத் தேநீர் காய்ச்சினாள். நல்ல தேயிலை. திரும்பத் திரும்பக் கிண்ணத்தை நீட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

சரளைச் சமவெளியில் வண்டியை முறுக்கினால் தடுக்க ஆளில்லை. பாதை என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுதான் பாதை. காட்டுக் கழுதைக் கூட்டம் ஒன்று என்னோடு பந்தயம் ஓடி, ஜெயித்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. மாலையில் செங்குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு அகப்பட்டது. சாக்சால் என்ற பாலைப் புதரின் காய்ந்த கட்டை வேண்டிய மட்டும் கிடந்தது. பற்றவைத்தால் புகையே வராது. அங்கேயே தங்கினேன்.

நீலக் கூடாரம்தான் மானத்தை வாங்கியது. வாழ்நாள் முழுக்க வீடு கட்டிப் பிரித்தவன் நான். குழந்தை விளையாட்டு மாதிரி ஒரு துணி. வளையும் குச்சியை இந்த முனையில் செருகினால் அந்த முனையில் வெளியே வருகிறது. அந்த முனையில் செருகினால் என் மூக்கில் அடிக்கிறது. கடைசியில் காற்று வந்து அதை நன்றாகவே நிமிர்த்தியது. நிமிர்த்தி, எடுத்துக்கொண்டும் போனது. துரத்திப் பிடித்து, நாலு கல்லை மேலே வைத்து, போர்வையாகப் போர்த்திக்கொண்டேன். சுகமாகத்தான் இருந்தது.

பேச ஆள் இல்லை. கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆள் இல்லை. இருமினேன். ஒருவரும் எதையும் ஊற்றவில்லை. இன்னொரு முறை வேண்டுமென்றே இருமினேன். ஆகா!

நல்ல நாள் வந்தது. குன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுப்பகலில் கீழே, மலைப் பக்கம் போகும் பழைய ஒட்டகப் பாதையில் ஏதோ அசைந்தது. கண்ணாடி இல்லாததால் மங்கலாகத்தான் தெரிந்தது. வரிசையாக ஒட்டகங்கள். எண்ணினேன். ஏழு. முதுகில் கழியும் கம்பளியும் கூரை உச்சியில் வைக்கும் மரச் சக்கரமும். பின்னால் ஆட்டு மந்தை. எவனோ வீடு மாற்றுகிறான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் காலத்தில் ஒட்டகத்தில் வீடு மாற்றுகிறானே ஒரு பைத்தியக்காரன்! லாரி கிடைக்கவில்லை போலிருக்கிறது. பாவம். எழுந்து நின்று கையை ஆட்டினேன். முன்னால் போன பெண்பிள்ளையும் திரும்பி நன்றாகவே கையை ஆட்டினாள். மரியாதை தெரிந்த குடும்பம் என்று மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பாடிக்கொண்டே திரும்பினேன். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். வெளுத்த வட்டம்.

பியம்பா தன் வீட்டிலிருந்து நடந்து வந்தான். வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டான். உள்ளே வர வாசல் எது என்று தெரியவில்லையோ என்னவோ.

“அண்ணே, நீங்க இன்னும் போகலையா?”

“எங்கே போறது? என் வீடு எங்கேடா?”

“நேத்தே கிளம்பிடுச்சே! கொம்போ ஏழு ஒட்டகம் அனுப்பினாரு. அஞ்சே போதும்னு அண்ணி சொன்னாங்க. அண்ணன் அடம்பிடிச்சு ஏழு கேட்டாருன்னு வந்த ஆளுங்க சொன்னாங்க. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.”

“என்ன ஆச்சரியம்?”

“அக்கா பக்கத்துல போறதுக்கு உங்களுக்கு இவ்வளவு ஆசையான்னுதான்.”

நான் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தேன். அடுப்பு இருந்த இடமாக இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சூடு இருந்த மாதிரித் தோன்றியது.

“என்னைத் தேடலையா அவ?”

“அதெல்லாம் பார்த்துட்டாங்களாம். குன்று மேல நின்னு நீங்க கைகாட்டி வழியனுப்பி வெச்சீங்களாமே. ஓட்டிட்டுப் போனவங்க திரும்பி வரும்போது சொன்னாங்க.”

“டாமினோ பெட்டி?”

“போகும்போது என் பொண்டாட்டிகிட்டக் கொடுத்துட்டாங்க. நேத்து ராத்திரி அவ என்னைத் தோற்கடிச்சா அண்ணே.”

அவனுக்கு ஆறுதல் சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஒரு யோசனை வந்தது. போகாமலே இருந்துவிட்டால்? கூடாரம் இருக்கிறது. பள்ளத்தாக்கு இருக்கிறது. பையைத் திறந்து பார்த்தேன். கடைசித் தயிர்க்கட்டி ஒன்று. சரி, போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, மாவும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவது. போன வண்டியிலேயே திரும்புவது. உட்காரக்கூட மாட்டேன். இதை பியம்பாவிடம் உரக்கச் சொல்லிவிட்டே கிளம்பினேன்.

வழி நெடுக அந்த நாலு வார்த்தையைத் தயார் செய்தேன். நாற்பதாக வளர்ந்தது. மலையைச் சுற்றினேன். புல் நின்றது. இல்லையென்று சொல்ல மாட்டேன். கடைசி மணல்மேட்டில் ஏறியபோது கீழே வெள்ளையாக இரண்டு வீடுகள் தெரிந்தன. ஒன்று என்னுடையது. கூரைக் குழாயில் புகை. ஆட்டிறைச்சி வேகும் வாசனை மேடுவரை வந்தது.

வண்டி ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது. தொட்டியை ஆட்டிப் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை.

தள்ளினேன். சக்கரம் மணலில் புதைந்தது. இன்னும் தள்ளினேன். இப்போது நானும் புதைந்தேன். கீழே கத்தினால் கேட்கும் தூரம்தான். கத்துவேனா? மணலில் உட்கார்ந்து, இயற்கைக் காட்சியை ரசிக்கிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

வீட்டுப் பக்கமிருந்து ஓர் ஒட்டகம் நிதானமாக மேடேறி வந்தது. மேலே அகலமாக ஓர் உருவம். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. அதற்கு முன்பே குரல் வந்து சேர்ந்துவிட்டது.

“மாப்பிள்ளே! அங்கேயே இருங்க! அசையாதீங்க!”

“நான் சும்மா காத்து வாங்கறேன்.”

“வாங்குங்க, வாங்குங்க. யஞ்சிமாதான் அனுப்பினா. ‘பெட்ரோலை அளந்துதான் ஊத்தினேன், இந்நேரம் மணல்மேட்டுல நிப்பாரு, போய்க் கூட்டிட்டு வா’ன்னா. அதெப்படிடி அவ்வளவு கணக்கான்னேன். ‘அவரு திரும்பிப் போறேன்னு ஆரம்பிப்பாரு அக்கா, அதுக்கு மட்டும் வெக்கலை’ன்னா. ஏழு ஒட்டகம் கேட்டீங்களாமே? என் பக்கத்துல குடிவர அவ்வளவு அவசரமா? எனக்கு அழுகையே வந்துடுச்சு. இது என்ன, இப்படியா கயிறு கட்டுவாங்க?”

வண்டியின் பின்னால் இருந்த கூடார மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். எனக்குத் தொண்டையில் மணல். தெரியாத்தனமாக இருமிவிட்டேன். அங்கியின் மடிப்பிலிருந்து ஒரு குப்பி வெளியே வந்தது. ஊற்றினாள். கசந்தது. அரை நொடியில் இருமல் நின்றது. அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை.

வண்டியின் கைப்பிடியில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒட்டகம். நான் வண்டி மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஓட்டுகிறவன் மாதிரி பிடித்துக்கொண்டேன். நாற்பது வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கிண்ணமும் கையுமாக யஞ்சிமா வாசலில் நின்றாள்.

“வாங்க கிழவரே. பயணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது,” என்றேன். சூப் கொழுப்பாக இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

பனி விழுந்து நாளாகிவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம், கிழவன் உள் பாலைவனத்தைத் தனியாகச் சுற்றிவிட்டு மோட்டார் சைக்கிளிலேயே வீடு வந்து சேர்ந்தானாமே என்று கேட்கிறார்கள். ஆமாம், வண்டி மேல் உட்கார்ந்துதான் வந்தேன். இழுத்து வந்தது என் மனைவியின் அக்கா தெஜித்.