ஒட்டாத கேஸ்கட் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

லாயாங் லாயாங்,
ஞாயிறு, காலை பத்தரை.

மதிப்பிற்குரிய சம்பந்தி வைத்தியலிங்கம் ஐயா அவர்களுக்கு,

லெட்சுமணன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் மனைவி யோகேஸ்வரியும் மகள் தேன்மொழியும் சுகம். குளுவாங்கில் தாங்களும் வீட்டாரும், தங்கள் வாசலின் வெள்ளை டைல்ஸும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன வாரத்திலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. ஆகவே எழுத்தில் விளக்கம் தருகிறேன். நாளை வேலைக்கு வரும்போது தேன்மொழி இதைத் தங்கள் கையில் கொடுப்பாள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், அடியில் வைத்து எழுதும் பழைய நாட்காட்டி மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று தாங்கள் ஓட்டி வந்த காரின், அதாவது நம் காடியின், அடியில் எண்ணெய் சொட்டியதை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருஷம் இயந்திரம் கழற்றி மாட்டியவனுக்கு வாய் சும்மா இருக்குமா, "எஞ்சின் மூடியில எண்ணெய் கசியாம அடைக்கிற கேஸ்கட் போயிருக்கு, நான் பாத்துத் தர்றேன்" என்று சொல்லித் தொலைத்தேன். திறந்தால், முன்னே பழுது பார்த்த போமன் யாரோ, ரெண்டு பக்கமும் பசையை அப்பி வைத்திருக்கிறான், தக்கைக் கேஸ்கட் துண்டு துண்டாகப் பேர்ந்து வருகிறது, சுரண்ட ஒன்றும் அகப்படாமல் யோகேஸ்வரியின் தோசைக் கரண்டியை எடுத்தேன், அதற்கு அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆயர் ஈத்தாம் போய்ப் புதுக் கேஸ்கட் வாங்கி வந்து, பசையே இல்லாமல் இரண்டு பக்கமும் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவிப் போட்டேன். அப்படிப் போட்டால் அது எதிலும் ஒட்டாது. அடுத்த முறை திறக்கும்போது கிழியாமல் முழுசாக வரும், அதையே திரும்பப் போடலாம்.

அப்படியும் தங்கள் வாசலில் எண்ணெய் சொட்டிவிட்டது. ஒரு போல்ட்டை இறுக்க மறந்தது என் குற்றம், கேஸ்கட்டின் குற்றமல்ல. தாங்கள் அன்று போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "இன்னொரு சொட்டு என்ர வாசலில விழுந்துதெண்டால் இந்தக் கலியாணம் சரிவராது. ஒரு மூடியை மூடத் தெரியாத மனுசன்ர வீட்டில பொம்பிளை எடுக்கேலாது." அன்றிலிருந்து தேன்மொழி சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள்.

நேற்று மாப்பிள்ளை சிவகணேசன் காடியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். இன்று காலை திறந்தேன். பழகின கல்லில் தோசை எழும்புவதுபோல் கேஸ்கட் முழுசாக வந்தது. "பெரிய சாதனைதான் லா, மொதல்ல என் கரண்டிக்கு வழி சொல்லுங்க" என்றாள் யோகேஸ்வரி. "அப்பா, புதுசு வாங்கியே போட்டுருங்கப்பா" என்று தேன்மொழி கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. அதையே துடைத்து, கிரீஸ் தடவி, தூசி படாமல் நாட்காட்டித் தாள்களுக்கு நடுவில் வைத்தேன். எஞ்சின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "மாப்பிள்ளை பஸ்ல வந்துட்டாரு, கை கழுவிட்டு வாங்க" என்று யோகேஸ்வரியின் குரல் வந்தது. போனேன், பசியாற வைத்தேன், திரும்பி வந்து மூடியைப் போட்டு, எட்டு போல்ட்டையும் எண்ணி எண்ணி இறுக்கினேன். பத்து மணிக்கு மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். இனி தங்கள் வாசலில் ஒரு சொட்டு விழாது. இதை என் மகள் மேல் ஆணையாக எழுதுகிறேன்.

வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் வாழ, பெரியவர்கள் நாம் முகம் கோணாமல் நின்று வாழ்த்துவோம்.

தங்கள் அன்புள்ள,
லெட்சுமணன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நாட்காட்டியைப் புரட்டினேன். கேஸ்கட் உள்ளேயே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு நாலு தரம் போன் அடித்தேன். ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார், நல்ல வளர்ப்பு. காடியை வாசலுக்குள் விட வேண்டாம், ரோட்டிலேயே நிற்கட்டும் என்று சொல்லத் தங்களுக்கும் அடித்தேன், தாங்களும் எடுக்கவில்லை. நாளைக்கு வேண்டாம், தேன்மொழி இப்போதே மோட்டார் சைக்கிளில் வருகிறாள். "அப்பா, சீக்கிரம் எழுதுங்க" என்று பக்கத்தில் நிற்கிறாள், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. தயவுசெய்து அவளை உள்ளே கூப்பிடுங்கள். மூடத் தெரியாதவன் நான்தான், அவள் இல்லை. அடுத்த பஸ்ஸில் வாளியோடு வந்து டைல்ஸை நானே கழுவுகிறேன். கேஸ்கட்டை நாட்காட்டியோடு அப்படியே கொடுத்தனுப்பியிருக்கிறேன். தாங்களே பிரித்துப் பாருங்கள் ஐயா, தாளில் ஓர் இடத்திலும் ஒட்டவில்லை.