காத்தாடி போட்ட மாலை

வெட்கம் என்ற சமாச்சாரத்தை ஆண்டவன் எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தபோது, போடிநாயக்கனூரில் ஒரே ஒருவன் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. அவன்தான் காத்தாடி. அவன் வாங்காமல் விட்ட பங்கும் என் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவன் காத்தாடி. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். டிரோன் வேண்டும் என்று கேட்கிற வீடுகளுக்குக் காத்தாடியைக் கூட்டிப்போவேன். எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. டிரோனைப் பறக்கவிடுவது அவன் சோலி. அது விழுந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது என் சோலி. பல நாள் அவனைவிட நான்தான் அதிகம் உழைத்திருக்கிறேன்.

டிரோன் விழாதா என்ன, எல்லோருக்கும்தான் விழும். விழுந்த பிறகு காத்தாடி செய்கிற காரியம்தான் மானத்தை வாங்கும். யார் தலையில் விழுந்தது, யார் இலையில் விழுந்தது என்று ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். நேராக ஓடிப்போய் டிரோனை மடியில் வைத்துக்கொண்டு ரெக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பான். ஓரத்தை நகத்தால் நீவுவான், வெயிலில் பிடித்துப் பார்ப்பான், ஊதிச் சுற்றவிட்டுக் காதோடு வைத்துக் கேட்பான். சுற்றி நிற்கிற சனம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

"டேய், அந்தப் பெரியவர் கீழ விழுந்து கெடக்கார்டா!"

"இருங்கண்ணே, மொதல்ல ரெக்கையப் பாத்துக்கிறேன். பெரியவருக்கு ஏதாச்சும்னா அவரே வாயத் தொறந்து சொல்லுவாரு. ரெக்கை சொல்லுமா?"

நான் அந்தப் பெரியவரைத் தூக்கி உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, அவர் மகன்கள் நால்வரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதற்குள், "ஒரு கீறல்கூட இல்லண்ணே!" என்று சிரிப்பான். என்னவோ எல்லோரும் அதற்காகத்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த மாதிரி.

தேவாரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். தாம்பாளத் தட்டுகளை மேலிருந்து எடுத்தால் அம்சமாக இருக்கும் என்று டிரோனைத் தாழ இறக்கினான். தட்டில் பழம் மட்டுமா இருக்கும், குங்குமமும் மஞ்சள் பொடியும் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். ரெக்கைக் காற்று பட்டதுதான் தாமதம், பந்தலே சிவந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யார்ரா அவன்?" என்று கத்தினார். எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். ஏனென்றால் காத்தாடி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ரெக்கையில் ஒட்டிய குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் குனிந்த தலையை நிமிர்த்தாமலே போடி வந்து சேர்ந்தேன்.

போடிமெட்டில் நடந்தது அதைவிட மோசம். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு பையனும் பெண்ணும் வந்திருந்தார்கள். கொண்டையூசி வளைவு ஒன்றில் ரோட்டோரமாக நின்று டிரோனைக் கிளப்பினான். சொல்லி வைத்தாற்போல மேகம் இறங்கி மூடிக்கொண்டது. முன்னால் நிற்கிற ஜோடியே தெரியவில்லை, டிரோன் எங்கே தெரியப்போகிறது.

"கவலைப்படாதீங்கண்ணே, பட்டனை அமுக்குனா கெளம்புன எடத்துக்குத் தானா வந்துரும். நம்ம வீட்டு மாடு மாதிரி."

வந்தது. மனிதன் ஏமாற்றினாலும் அது ஏமாற்றாது. கிளம்பின இடத்துக்கே சரியாக வந்தது. ஆனால் அந்த இடத்தில் அப்போது ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்பு ஒன்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றிருந்தது. டிரோன் ஜீப்பின் கூரைமேல் சமர்த்தாக உட்கார்ந்தது. ஜீப்பு கிளம்பி, கேரளாவுக்குள் போயேவிட்டது.

பொழுது சாய அதே ஜீப்பு திரும்பி வரும்வரை வளைவிலேயே காத்துக் கிடந்தோம். ஒரு அக்கா இறங்கி வந்து டிரோனைக் கொடுத்தார். அதன்மேல் துண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஏ அப்பு, இது ஒங்களுதா? கண்ண முழிச்சு எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதான் முக்காடு போட்டு வச்சோம்."

இன்னொரு அம்மா ஜீப்புக்குள்ளிருந்தே, "வேல செய்யிற பொம்பளைகளப் படம் பிடிக்கவா விட்டீங்க? பாத்தா நல்ல குடும்பத்து ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த வளைவிலேயே உருண்டு போய்விடலாமா என்றிருந்தது. காத்தாடி துண்டை அவிழ்த்து, ரெக்கையை நகத்தால் நீவி, "யாரும் இதத் தொட்டு வளைக்கலைல்லக்கா?" என்றான்.

இவ்வளவுக்கும் பிறகு இவனை ஏன் என் சொந்த வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிப்போனேன் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரி அதை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

என் தங்கச்சி சிலமலையில் வாழ்க்கைப்பட்டவள். தானே பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம். எங்கள் அப்பா கண்மூடும்வரை இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. அப்பா போன பிறகு ஒருநாள் அவளே போன் போட்டாள். "அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்துறோம். நீ வந்துருண்ணே" என்றாள். 'பிறந்த வீட்டு ஆளே இல்லாதவ' என்று அத்தனை வருசம் கேட்டுக்கொண்டிருந்தவள். அன்றைக்கு அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே மாமன் சீர் தடபுடலாகத் தயாரானது. மேளம், வேட்டு, தட்டுகள், கொம்பு சீவிய ஒரு கெடா. எல்லாவற்றுக்கும் மேலாக, போடியில் சொல்லிவைத்துக் கோக்கச் சொன்ன ஏலக்காய் மாலை. காது குத்துமுன் மாமன் போடுகிற மாலை அது.

"அண்ணே, அந்த மாலைய நான் வானத்துலருந்து எறக்குறேன்ணே. சிலமலையே பாக்காதது. தங்கச்சி ஆத்தாவுக்கு எப்பிடி இருக்கும்!" என்றான் காத்தாடி. அவன் கண்ணில் அவ்வளவு ஆசை. எனக்கும் சபலம் தட்டிவிட்டது.

காதுகுத்துக்கு முதல் நாள் மலையில் ஒரு எஸ்டேட்டில் வேலை. டிரோன் சேற்றில் மூக்குக் குத்தி விழுந்தது. ரெக்கைகளைக் கழற்றி ஓடையில் கழுவினான். துணியால் துடைத்தால் போதும். ஆனால் ஏலமலையில் ஈரமான எதையும் அடுப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் போட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. கம்பளி, செருப்பு, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அங்கே உலரும். இவனும் ரெக்கைகளை ஏலக்காயோடு தட்டில் பரப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அந்த அனலில், அவற்றின்மேல் யாரோ இன்னும் நாலு தட்டை அடுக்கிவிட்டார்கள்.

எடுக்கும்போது வழக்கம்போல நகத்தால் நீவிப் பார்த்திருக்கிறான். கீறல் இல்லை. முகர்ந்தும் பார்த்திருக்கிறான். "பாயசம் மாதிரி மணக்குதுண்ணே" என்று என் மூக்கருகே நீட்டினான். வளைந்திருக்கிறதா என்று மட்டும் அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சிலமலைக் கோயில் முன்னால் பந்தல். நான் பாப்பாவை மடியில் வைத்து மணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆசாரி ஊசியோடு தயார். டிரோன் மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பியது. சனம் அண்ணாந்து "ஏயப்பா!" என்றது. தங்கச்சி மாமியாரே வாயைப் பிளந்து பார்த்தார். என் தங்கச்சி முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதை நான் கண்ணாரக் கண்டேன்.

அடுத்த நொடி டிரோன் குடித்தவன் போலத் தள்ளாட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. எங்களை நோக்கி விர்ரென்று இறங்க, நான் பாப்பாவை அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். தலைக்கு மேலே காற்று வீசியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் டிரோன் வைக்கோல் போரில் கிடக்கிறது. மாலை, சீராக வந்த கெடாவின் கழுத்தில் கச்சிதமாக விழுந்திருக்கிறது. கெடா ஒருதரம் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பந்தலே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

"இத்தன வருசங் கழிச்சு ஒங்க அண்ணன் வந்தது கெடாவுக்கு மால போடத்தானா?"

என் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். எது நடக்கக் கூடாது என்று வந்தேனோ, அது என் கண் முன்னாலேயே நடந்தது. எத்தனையோ பந்தலில் மன்னிப்புக் கேட்ட வாய், அன்றைக்குத் திறக்கவே இல்லை.

காத்தாடி வைக்கோல் போருக்கு ஓடினான். ரெக்கையைக் கழற்றி ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தான். அது படியாமல் ஆடியது. "அண்ணே, வளஞ்சிருச்சுண்ணே!" என்று கத்திக்கொண்டே திரும்பியவன், என் தங்கச்சியைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். அவன் முகம் கறுத்து நான் பார்த்தது அன்றுதான்.

ரெக்கையைக் கீழே போட்டுவிட்டு நேராக அவள் முன்னால் வந்து கைகூப்பினான்.

"ஆத்தா, அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. மால அவரு போட வேண்டியது. நான்தான் வாங்கிக் கெடுத்தேன். என் தப்பு ஆத்தா."

அதோடு விட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. மாமியாரிடம் கேட்டான், தங்கச்சி மாப்பிள்ளையிடம் கேட்டான், ஆசாரியிடம் கேட்டான். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வரிசைகளில் புகுந்து, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "அண்ணன் மேல தப்பில்லங்க, நான்தாங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். கண்ணில் நீர் கொட்டுகிறது, துடைக்கக்கூட இல்லை. கடைசி வரிசை முடிந்ததும் அடுத்து யார் என்று சுற்றுமுற்றும் பார்த்து, கெடாவுக்கு முன்னாலும் போய்க் கைகூப்பினான்.

மாமியாருக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போதும்யா, வா இங்கிட்டு! நல்ல நேரம் போயிரும், வெரசா காதக் குத்துங்க!" என்றவர், கெடாவைப் பிடித்திருந்தவனைப் பார்த்து, "அத அங்கிட்டுக் கட்டி வையி. மாமன் மாலைய வாங்கிருச்சே, இனி அது வீட்டுப் பிள்ளைதான, எப்பிடி வெட்டுறது?" என்றார். அன்று அந்த இடத்தில் உண்மையாக உயிர் தப்பியது கெடாதான்.

"மாலை இல்லாமப் போச்சே" என்று நான் முனகினேன். என் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மாலையவாண்ணே கேட்டேன்? நீ வந்து உக்காந்துட்டேல்ல" என்றாள். ஊசி குத்தியபோது பாப்பா அழுதாள். நானும் அந்தச் சாக்கில் அழுதுகொண்டேன்.

பந்தியில் காத்தாடியைக் காணவில்லை. தேடினால், கடைசி வரிசை ஓரத்தில் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சோறு ஆறிக்கிடந்தது. என்னைக் கண்டதும் இன்னும் குனிந்தான். இத்தனை வருசக் கோபத்தையும் சேர்த்து இன்றைக்கு நாலு வாங்கு வாங்கிவிட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"கொழம்பு ஊத்திச் சாப்பிடுடா" என்றுதான் வந்தது.