கல்லுக்கட்டில் ஒரு பெரட்டு

காலை ஒன்பது பத்து. முதலில் தெரிந்தது ஒரு நீல நிற மருந்து டேங்கி. பிறகு அதைச் சுமந்திருந்த முதுகு. தலை தெரியவில்லை. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல்லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்லுக்கட்டில் மூக்கை வைத்தபடி ஒருவர் குந்தியிருந்தார். லயத்துக் குழாயில் தண்ணீர் வராதது பற்றிச் செய்தி எழுதப் போன நான், ஆளுக்கு மயக்கம் என்று நினைத்து ஓடினேன்.

"நெழல் விழுது, தள்ளி நில்லுங்க தம்பி," என்றார் திரும்பாமல். "எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"என்னத்தங்க?"

"பதினாலு. நேத்து பதினோரு பேருதான் வந்தாங்க."

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பெயர் பெரட்டு. ஆட்களுக்குப் பெரட்டு எடுத்தவர்கள் மலையகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பூவுக்குப் பெரட்டு எடுத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். மறுப்பவர்கள் இன்னோர் ஆளைக் காட்டட்டும். தோட்டம் அவரைப் 'பெரட்டு' என்றே கூப்பிட்டது. அவரும் அதற்கு மட்டுமே திரும்பிப் பார்த்தார்.

தொழில், புல்லுக்கு மருந்தடிப்பது. அதாவது, செடிகளைக் கொல்வது. ஆனால் பெயர் தெரியாத எதையும் அவர் கொல்லமாட்டார். புதிதாக ஒரு பூண்டு முளைத்திருந்தால் அதைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு அடிப்பார். ஏன் என்று கேட்டால், "சாகப்போறவன்கிட்ட பேரு கூடக் கேக்காம அடிக்கிறதா?" என்பார். இதனால் அவர் அடித்த மலை, அம்மை போட்ட முகம் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளுக்காகவே அவருக்கு வாரம் ஒருமுறை திட்டு விழும்.

எப்போதோ புல் வகைகளைக் கணக்கெடுக்க வந்த ஓர் அதிகாரி அம்மாவுக்கு இவர் பத்து நாள் பை தூக்கியிருக்கிறார். போகும்போது அந்த அம்மா, சின்னதைப் பெரிதாகக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை என் கையில் வைத்து, கல்லுக்கட்டின் இடுக்கில் பூத்திருந்த ஒரு சின்னப் பூவைக் காட்டினார் பெரட்டு. சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"எத்தன பூவு தெரியுது?"

"ஒண்ணு."

"பேப்பர்காரங்க எல்லாம் இப்பிடித்தான்," என்று பெருமூச்சு விட்டார். "நல்லாப் பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் பொட்டு என்று நினைத்தது பொட்டு அல்ல. நெருக்கி அடுக்கிய குட்டிக் குட்டிப் பூக்கள். ஒவ்வொன்றும் ஐந்து முனையுள்ள ஒரு குழாய். வெளி வளையத்தில் உள்ளவை திறந்திருந்தன. நடுவில் உள்ளவை இன்னும் மொட்டு. சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்கள் எல்லாமே இப்படித்தானாம். நாம் ஒரு பூ என்று பறிப்பது ஒரு கூட்டம்.

"இது பூவு இல்ல தம்பி, லயம். நாம வெளிய நின்னு ஒரு வீடுன்னு நெனைக்கிறோம். உள்ள போனாத்தான எத்தன குடும்பம்னு தெரியும்? ஓரத்து வளையம் மொதல்ல வேலைக்கு வரும், அப்பறம் அடுத்தது. கடைசியாத்தான் நடுப்புள்ளி."

"வெள்ளையா இருக்கே, அது இதழா?"

"அதுவும் ஆளுக்கு ஒரு பூவுதான். ஆனா எல்லாம் பொம்பளைங்க. வெயில்லயும் மழையிலயும் வெளிய நிக்கிறது அவங்கதான். மஞ்சச் சட்டக்காரங்க நடுவுல பத்திரமா இருக்காங்க. இங்க மட்டும் வேற மாதிரி நடக்குமா?"

அந்நேரம் கொழுந்துக் கூடையோடு கடந்துபோன ஒரு பெண், "அண்ணே, பொம்பளைங்களுக்குப் பேர் போட்டாச்சா? இல்ல, அங்கயும் அரப் பேருதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனாள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.

"இவங்களுக்கு எப்பங்க பெரட்டு?" என்றேன்.

"ஒம்பதுக்கு. வெயில் வந்தாத்தான் வருவாங்க. நம்ம சங்கத்தால கூட வாங்கித் தர முடியாத நேரம்."

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குபவர்கள் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, கல்லுக்கட்டு முழுவதையும் மருந்தடித்துச் சுத்தமாக்கச் சொன்னார். பெரட்டு அவர்முன் கைகட்டி நின்று, நூல் கட்டிய பூவில் பெரட்டு முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். "பூவா, வேலையா? நாளைக்குள்ள முடிவு பண்ணு," என்று பதில் வந்திருக்கிறது.

இதைக் கேள்விப்பட்டு நான் ஒரு காரியம் செய்தேன். செய்தி ஆசிரியரிடம் கெஞ்சி, உள்பக்கத்தில் ஆறு வரி போட்டேன். 'தோட்டக் கல்லுக்கட்டில் அரிய மலைப்பூ' என்று தலைப்பு.

அச்சான எழுத்துக்கு மலையில் இருக்கும் மரியாதையை அன்றுதான் கண்டேன். மத்தியானத்துக்குள் கல்லுக்கட்டைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. 'தொடாதே' என்று மூன்று மொழியில் பலகை வந்தது. கண்டாக்கையா பெரட்டைக் கூப்பிட்டு, "இந்தப் பூவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒம் பேர வெட்டிருவேன்," என்றார். முந்தின நாள், பூவை விட்டுவைத்தால் பேரை வெட்டுவேன் என்றவரும் அவரே.

மறுநாள் பெரட்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துப் பிளேன்டீ ஊற்றச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. பேப்பரை விரித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"'அரிய'ன்னு போட்டிருக்கே. யாரு சொன்னா?"

"அப்பிடிப் போட்டதாலதான் அண்ணே பூவு பொழச்சுது."

"நுவரெலியா போற வழியில எல்லாச் சொவத்துலயும் கெடக்கு. மலைப்பூவு, சரி, ஆனா இந்த மலையே இல்ல. எங்கயோ கடல் தாண்டி இருக்கிற மலையில இருந்து, தொரை பங்களாத் தோட்டத்துக்குக் கொண்டாந்தாங்களாம். வேலி தாண்டி லயத்துப் பக்கம் வந்துருச்சு. நம்ம ஆளுங்க மாதிரி கப்பல்ல வந்ததுதான். தப்புன்னு போடுங்க."

"போட்டா மருந்தடிக்கச் சொல்லிருவாங்க."

பதிலுக்கு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். இரண்டிலும் அவர் பெயர் வெவ்வேறு எழுத்தில் இருந்தது. தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் மூன்றாவது விதமாம்.

"எழுதினவருக்குத் தமிழ் தெரியாது. எங்கப்பாவுக்கு எழுத்தே தெரியாது. அம்பத்தாறு வயசாச்சு, இன்னமும் ஒவ்வொரு கவர்மெண்டு கந்தோரா ஏறி, இது மூணும் நான்தான்னு சத்தியம் பண்றேன். ஒருக்கா தப்பா எழுதிட்டா அது அப்பிடியே நின்னுரும் தம்பி. பாவம், அந்தப் பூவாவது சரியான பேருல இருக்கட்டும்."

பிளேன்டீ ஆறிப்போனது. மூன்று வரித் திருத்தம் எழுதினேன். 'குறிப்பிட்ட பூ அரியதல்ல, இந்நாட்டுக்குரியதும் அல்ல.' இத்தனை ஆண்டு வேலையில், ஒரு செடி சார்பாக வந்த ஒரே மறுப்பு அதுதான்.

திருத்தம் வந்த அன்றே கயிறு அவிழ்ந்தது. பலகை கோழிக்கூட்டுக்குக் கதவானது. பெரட்டு ஒரே ஒரு சலுகை கேட்டார். "பெரட்டு முடியாம யாரு பேரையும் வெட்டக் கூடாதுங்களே ஐயா. இன்னும் மூணு நாள் குடுங்க." கண்டாக்கையா சிரித்துவிட்டார் என்கிறார்கள். வியாழன் வரை கெடு கிடைத்தது.

வியாழன் காலை நானும் போனேன். ஒன்பது மணிக்குக் கண்ணாடியை வைத்து எண்ணினார். "நடுப்புள்ளி வரைக்கும் வந்துட்டாங்க. ஒரு ஆளு கொறையல." ஓரத்து வெள்ளைகள் அதற்குள் ரோஜா நிறமாகியிருந்தன. பிறகு பக்கத்தில் முற்றிப் பஞ்சாகியிருந்த பூக்களை மட்டும் கிள்ளி ஒரு தேயிலைப் பைக்கற்றுக்குள் போட்டார். அந்தக் குட்டிப் பூ ஒவ்வொன்றும் ஒரு விதையாம். ஆளுக்கொரு பஞ்சுக் குடை. பைக்கற்றை என்னிடம் நீட்டினார்.

டேங்கியில் மருந்தைச் சரியான அளவில் கலந்தார். "நீங்களேவா அடிக்கணும்?" என்றேன்.

"வேற ஆளு அடிச்சா மருந்தக் கூடுதலாக் கலப்பான்."

கல்லுக்கட்டு முழுவதும் அடித்தார். புள்ளி விடவில்லை. நூலை மட்டும் அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விருந்தினர் வந்தார்கள். பனிமூட்டத்தில் லயமே தெரியவில்லை. வேனிலிருந்து யாரும் இறங்கவில்லை.

பெரட்டு இப்போது கொழும்பில், மகள் வீட்டில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். அந்தச் சூட்டில் இந்தப் பூ வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். சுகம் கேட்கமாட்டார். "எத்தன பேரு?" என்பார்.

தலவாக்கலையில் என் வீட்டு வாசல் கல்லுக்கட்டில், சிவப்பு நூல் கட்டிய பூவில், இன்று காலை ஒன்பது பத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள்.