மேரே டைப்பிஸ்ட்

இங்கிலீஷ் அகராதியைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்த மனிதர் மதுரையில் ஒருவர்தான்: எங்கள் டபுள் மீனிங் பாய். பேரைக் கேட்டு வேறு மாதிரி நினைக்காதீர்கள். மாட்டுத்தாவணி பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீசில் அவர் டைப்பிஸ்ட், நான் பில் போடும் கிளார்க். வீட்டில் உருது, வெளியில் அசல் மதுரைத் தமிழ், டைப்ரைட்டரில் இங்கிலீஷ். எந்த இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் உருதுவில் அதற்கு இன்னொரு அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் தட்டுவார்.

கம் பாட்டிலைத் திறப்பார். "தம்பி, உருதுல கம்னா துக்கம். அதான் ஒட்டுனா விடமாட்டேங்குது." ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். "பஸ்னா போதும்னு அர்த்தம். பஸ்ஸு பஸ்ஸுன்னு அம்புட்டுப் பேரும் ஓடுறாய்ங்க, ஒருத்தனுக்கும் போதலையே!"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தெருவில் உருது பேசும் தையல்காரர்களுக்கு இலவச இங்கிலீஷ் வகுப்பு வேறு எடுத்தார். அதற்கென்று ஒரு நீளநோட்டு வைத்திருந்தார்.

ஒருநாள் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் வருகிறது, ஆளைக் குறைக்கப் போகிறோம், ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று. மேனேஜர் கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். நல்ல மனிதர்தான், பேனாவைப் பிடித்தால் மட்டும் வெள்ளைக்காரத் துரை ஆகிவிடுவார். பாய் பெயருக்கு நேரே "ஹி இஸ் எ மியர் டைப்பிஸ்ட்" என்று எழுதினார். வெறும் டைப்பிஸ்ட், போனால் போகட்டும் என்று அர்த்தம். சரி, அதை டைப் அடிக்க வேண்டுமே? ஆபீசில் டைப் தெரிந்தது ஒரே ஆளுக்கு. பாயிடமே நீட்டினார்.

பக்கத்து மேசையிலிருந்து நானும் எட்டிப் படித்தேன். பாய்க்கு மூன்று பெண்கள், மூன்றும் படித்துக்கொண்டிருந்தன. அவர் அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. எம், ஈ, ஆர், ஈ என்று எழுத்துக் கூட்டினார். பிறகு முகமெல்லாம் பல்.

"தம்பி! 'மேரே டைப்பிஸ்ட்'னு எழுதிருக்காருய்யா! உருதுல மேரேன்னா 'என்'. வெறுமனே 'மேரா'ன்னு போட்டாலே எனக்குப் போதும். 'மேரே'ன்னு போட்டுருக்காரு. அது மரியாதை!"

"பாய், முன்னால ஒரு 'எ' இருக்கே..."

"அது கெடக்கு. எங்க 'எ' போடணும்னு சாருக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

பத்தாவது நிமிடம் மேனேஜர் மேசையில் ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா இருந்தது.

"குடிங்க சார். ஜிகர்னா ஈரக்கொலை, தண்டான்னா குளிர்ச்சி. உங்க ஒரு வார்த்தையில எனக்கு ஈரக்கொலையே குளுந்துபோச்சு. இத்தனை வருசத்துல 'என் டைப்பிஸ்ட்'னு யாரு சார் சொன்னா?"

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"இந்தா, எழுதிருக்கீங்களே! மேரே!"

மேனேஜர் ஒரு வாய் உறிஞ்சினார். கிளாஸைக் கீழே வைத்தார். பாயின் பல்லையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதக் குடுய்யா இங்க. ஒரு கரெக்‌ஷன் இருக்கு."

திருத்திய வரியையும் பாய்தான் தட்டினார். இவரைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பவும் என்று இருந்தது.

அடுத்த மாதம் ஒருநாள் பாய் லீவு. ரிப்பன் தேடி அவர் டிராயரைத் திறந்தேன். அந்த நீளநோட்டு கிடந்தது. டீக்கறை படிந்து பழுத்த ஒரு பக்கத்தில், சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தார்: "மியர். உருதுல ஸிர்ஃப், தமிழ்ல வெறும். பெயருக்கு முன்னால் வரும். மட்டம் தட்டப் பயன்படும். எச்சரிக்கை: நம்ம மேரே இல்லை. மாத்திப் படிச்சா மானம் போகும்."

மறுநாள் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன். மனுசன் வெட்கப்படவே இல்லை.

"தப்பா எழுதிருந்தாரு, திருத்தி வச்சேன். டைப்பிஸ்டுக்கு வேற என்ன தம்பி வேலை?"

பிற்பாடு நான் செல்போன் வாங்கியதும் முதலில் ஏற்றியது அவர் நம்பரைத்தான். எம், ஈ, ஆர், ஈ என்று தட்டி, பக்கத்தில் பாய் என்று போட்டேன். உருதுவில் படித்தால் 'என் அண்ணன்'. அப்படித்தான் படிக்க வேண்டும்.