ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பத்துப் பொருத்தம்

திருப்பதியில் மலையேறக் காத்திருக்கும் வரிசையைவிட நீளமான வரிசை ஒன்று ரேணிகுண்டா ரோட்டில் நின்றது. சித்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், புத்தூரில் எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டைப் பிரிக்காமலே வந்தவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு ஸ்பீக்கரைக் கைக்குழந்தை போல இடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாதசித்தர் தனசேகர சுவாமியைத் தரிசிக்கத்தான். போன வருஷம் வரை மிக்ஸி ரிப்பேர் பார்த்தவர். ஞானம் எந்த ஜாரில் கிடைத்ததோ.

உபதேசம் எளிது. ஆம்ப்ளிஃபயர் மாப்பிள்ளை, ஸ்பீக்கர் பெண். இரண்டும் ஒரே கம்பெனியில் பிறந்திருக்க வேண்டும். மாறினால் கலப்பு, கலப்பென்றால் குடும்பத்துக்கே தோஷம். ஒரே கம்பெனி என்றால் அண்ணன் தங்கை ஆகிவிடாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே.

ஸ்பீக்கரின் முதுகில் '8 ஓம்' என்று மின்தடையின் அளவு போட்டிருக்கும். சுவாமிக்கு அது எட்டெழுத்து மந்திரம். பக்கத்தில் லாடம் போல ஒரு குறி. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, "பாத்தீங்களா, நாமம்" என்பார். அது தங்கள் நெற்றியில் ஏறிக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியாது.

நகரி வேதாச்சலம் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். காதருகே அணுகுண்டு வெடித்தாலும், "யாரு, உள்ள வா" என்பார். அவருக்குத்தான் சுத்தமான சத்தம் கேட்கும் ஆசை. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் ஒரு கம்பெனி, ஸ்பீக்கர் வேறு கம்பெனி, நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவைதான். போன வாரம் அதைக் கேள்விப்பட்ட சுவாமி மூக்கைப் பொத்திக்கொண்டார். பரிகாரம், சுவாமியின் கடையிலேயே விற்கும் ஒரே கம்பெனி செட். அதை வாங்க, வீட்டிலுள்ள இரண்டு தறிகளில் ஒன்றை விற்பதென்று வேதாச்சலம் முடிவு செய்துவிட்டார். விற்கப்போவது மனைவி கங்கம்மாள் ஓட்டும் தறி.

"என் தறிய வித்து நீ பாட்டு கேக்கணுமா?" என்றாள் கங்கம்மாள், வரிசையில் நகர்ந்தபடி.

"தோஷம்மே. சாமியே சொல்லிக்கினு கீறாரு."

"தறில மோட்டார் ஒரு கம்பெனி, நாடா ஒரு கம்பெனி, நூலு எந்த ஊரோ. எந்தச் சேலையாவது தோஷம்னு கிழிஞ்சிக்கினு போச்சா?"

"நீ கம்முனு வாமே."

உள்ளே சுவாமி செய்து காட்டினார். முதலில் கலப்பு செட். பாட்டு சோகை பிடித்தாற்போல் வந்தது. அடுத்து ஒரே கம்பெனி செட், கும்மென்று எழுந்தது. "சால பாகுந்தி சுவாமி" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேதாச்சலம் அழுதேவிட்டார்.

கங்கம்மாள் பாட்டைக் கவனிக்கவில்லை. தறிக் கொட்டகையில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. கையைப் பார்த்துத்தான் பேச்சு. அந்தப் பழக்கத்தில் சுவாமியின் கையைப் பார்த்தாள். அங்கவஸ்திரத்துக்குள் கட்டைவிரல் அமுங்கி அமுங்கி எழுந்தது.

"சாமி, அந்த ரிமோட்ட இப்படிக் குடு. நீயும் ஜனமும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கினு கேளுங்க. எந்த செட்டு பாடுதுன்னு சரியா சொல்லிட்டா, இன்னிக்கே தறிய வித்துடறேன்."

தறி என்றதும் சுவாமி ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் பக்தியோடு திரும்பிக்கொண்டார்.

பாட்டு வந்தது. "கலப்பு" என்று முகம் சுளித்தார். கங்கம்மாள் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். "ஆஹா, இதுதான் ஒரே குலம்" என்று உருகினார். கூட்டமும் சேர்ந்து உருகியது.

"இப்ப திரும்புங்க."

ஒரே கம்பெனி செட்டின் பிளக் அவள் கையில் தொங்கியது. இரண்டு தடவையும் பாடியது கலப்பு செட்.

"இன்னிக்கு அஷ்டமி" என்று முனகிய சுவாமி, பின்வாசல் பக்கம் அவசரமாக ஏதோ பூஜைக்குப் போனார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் வேதாச்சலத்துக்கே கேட்டது.

"அப்போ நம்ம செட்டு?"

"ஓம் கணக்கு ஒத்துப்போனா போதும், கம்பெனி எதுவானா இன்னான்னு மோட்டார் மாட்ட வந்த ஆளே சொன்னான். நடய்யா, தறி காத்துக்கினு கீது."

வாசலில் சித்தூர்க்காரர் ஒருவர் ஸ்பீக்கரோடு வழிமறித்தார். "அம்மா, வேற நல்ல சாமி யாராச்சும் தெரியுமா?"

"ரெண்டு காதுக்கு நடுவுல உனுக்கு ஒண்ணு குடுத்து அனுப்பிக்கீறாங்களே" என்றாள் கங்கம்மாள். "அது வந்த பெட்டி பிரிக்காமலே கீது. வீட்டுக்குப் போய் மொதல்ல அதப் பிரிச்சிப் போட்டுப் பாரு."